காணாக்கடி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே பரந்துள்ள சமவெளியில் ரிஷிவந்தியம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில் இறைவனுக்குத் தேனால் திருமுழுக்குச் செய்தல் சிறப்பாகப் போற்றப்படுகின்றது. தேன் என்றதும் தேனீயின் கொடுக்கும் நினைவிற்கு வருதல் இயல்பு. கல்வராயன் மலையில் தேன் எடுக்கும் மக்கள் அக்கொடுக்கை நன்கு அறிவர். தேனீ கொட்டிய இடம் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். ஆயினும், கொட்டியது எது என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை.

தேனீயின் அருகிலும் செல்லாத ஒருவர், நள்ளிரவில் அரிப்புத் தாங்காமல் எழுந்து அமர்கின்றார். தொடையிலும் முதுகிலும் தேனீ கொட்டியது போன்ற தடிப்புகள் காணப்படுகின்றன. விளக்கை ஏற்றிப் பாயை உதறிப் பார்த்தால் பூச்சி ஒன்றும் இல்லை. கடித்த அடையாளம் உண்டு. கடித்த பொருள் இல்லை. இந்நோய்க்குத் தமிழ் மக்கள் ‘காணாக்கடி’ என்று பெயரிட்டனர். மேலைநாட்டு மருத்துவர்கள் இதனை ‘அர்ட்டிகேரியா’ என்பர். அப்பெயர் தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் பெயரிலிருந்து பிறந்தது. அதனினும் நம் பெயரே நோயின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது எனலாம்.

காணாக்கடிக்குச் சிற்றூர்களில் பலவகைப் பண்டுவம் செய்வர். அருகம்புல்லையும் மஞ்சளையும் அரைத்துப் பூசுவர். வேப்பிலையால் மந்திரிப்போரும் உளர். மறுநாள் காலையில் தடிப்புகள் மறைந்திருக்கும். பூசியவரும் மந்திரித்தவரும் புகழ் பெறுவர். ஆனால், இந்நோயில் ஒரு தடிப்பு, தான் தோன்றிய இடத்தில் 24 மணி நேரத்திற்கு மேல் நிலைத்திருப்பது அரிது. ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அது மறைந்தே தீரும். மாலையில் வேறோர் இடத்தில் புதிய தடிப்பு எழும்பொழுதுதான் உண்மை வெளிப்படும்.

கடித்த பொருள் வெளியே இல்லையாயின், தடிப்பு எவ்வாறு உண்டாகின்றது? மழுங்கிய குச்சி ஒன்றால் முன்கையில் சற்று அழுத்திக் கோடு கிழித்துப் பாருங்கள். முதலில் கோட்டின் வழியே தோல் சிவக்கும். பின்னர்ச் சுற்றிலும் செம்மை பரவும். சிலருக்கு அக்கோடு வரப்பைப்போல் மேலெழும்பி நிற்கும். தோலின் இம்மூன்று மாறுதல்களையும் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1920களில் விரிவாக ஆராய்ந்தார். காயமுற்ற தோலே ஒரு பொருளை வெளிவிடுகின்றது என்று அவர் கூறினார். அப்பொருள் ஹிஸ்டமின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஹிஸ்டமினின் ஆற்றலை அதற்கு முன்பே, 1910ஆம் ஆண்டளவில், ஹென்றி டேல் என்னும் அறிஞர் ஆராய்ந்திருந்தார்.

தோலுக்கு அடியில் ‘மாஸ்ட் செல்கள்’ எனப்படும் உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் சிறுசிறு மணிகளாக ஹிஸ்டமின் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அவ்வுயிரணு தூண்டப்பட்டால் மணிகள் வெடித்து ஹிஸ்டமின் வெளிப்படும். அது பட்டவுடன் நுண்ணிய குருதி நாளங்கள் விரிந்து, அவற்றின் சுவர்கள் கசியத் தொடங்கும். கசிந்த நீர் தேங்குவதால் தடிப்பும், நாளங்கள் விரிவதால் செம்மையும், நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் அரிப்பும் உண்டாகின்றன. ஆகவே கடிப்பது வெளியிலுள்ள பூச்சியன்று. உடலினுள் இருக்கும் பொருளே.

அதனைத் தூண்டிவிடுவது எது என்பதே கடினமான வினா. சிலருக்கு இறால், சிலருக்கு நிலக்கடலை, சிலருக்கு ஒரு மருந்து. பிறர்க்குத் தீங்கு செய்யாத பொருளை ஒருவர் உடல் பகையாகக் கருதும் இத்தன்மையே ஒவ்வாமை ஆகும். இதற்கு ‘அலர்ஜி’ என்னும் பெயரை வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் வழங்கினார். ஒவ்வாமையை விளைவிக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிய மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவில் பணிபுரிந்த இஷிசாகா என்னும் சப்பானியக் கணவனும் மனைவியும், தம் தோலிலேயே சோதனைகள் செய்து, அதனை வெளிப்படுத்தினர்.

காரணத்தைத் தேடிக் கண்ட ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. இரண்டாம் உலகப்போரின்பொழுது இந்தியாவிற்கு வந்த அமெரிக்கப் படைவீரர் பலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் உண்டாயின. மருத்துவர்கள் அவை உடலில் எங்கெங்குத் தோன்றின என்று நோக்கினர். சலவைக்குப் போட்ட துணியில் அடையாளக் குறி இட்டிருந்த இடம் எங்கு உடலைத் தொட்டதோ, அங்கேயே புண் தோன்றியிருந்தது! குறியிடுவதற்குப் பயன்பட்டது சேங்கொட்டையின் சாறு. சேங்கொட்டை, மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்க வல்லது. இச்செய்தி 1943இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. இது காணாக்கடி அன்று. பொருள் பட்ட ஓரிரு நாட்களுக்குப் பின்னரே தோன்றிப் பல நாட்கள் நிலைக்கும் வேறுவகை ஒவ்வாமை. பார்த்தீனியம் என்னும் நச்சுப்பூண்டால் உழவர்க்கு உண்டாகும் தோல்நோயும் அவ்வகையினதே. எனினும், எங்கு வந்தது, எப்பொழுது வந்தது, அதற்கு முன் உடலில் பட்டது என்ன, உண்டது என்ன என்று குறித்துப் பார்க்கும் முறை இரண்டிற்கும் பொருந்தும்.

அவ்வாறு குறித்து வைத்தால், அரைஞாண் இறுகிய இடத்தில் தடிப்பு எழுகின்றது என்றோ, குளிர்ந்த நீர் பட்டால் எழுகின்றது என்றோ, வலிநீக்கும் மாத்திரை உட்கொண்ட நாளில் மிகுகின்றது என்றோ புலப்படலாம். கரும்புத் தோகையின் சுணையால் உண்டாகும் அரிப்பு, வயலுக்குச் செல்லாத நாட்களில் தோன்றாது.

ஆனால், ஆறு வாரங்களுக்கு மேலும் நீடிக்கும் காணாக்கடியில், பெரும்பாலும் வெளிக்காரணம் ஒன்றும் அகப்படுவதில்லை. அத்தகையோர் பலரிடத்தில், உடலின் காவற்படையே வழிதவறித் தன் உயிரணுக்களைத் தானே தூண்டுகின்றது என்று இக்கால மருத்துவர் கண்டுள்ளனர். இதனை அறியாமல், கத்தரிக்காயை விலக்கு, முட்டையை விலக்கு, மீனை விலக்கு, பருப்பை விலக்கு என்று பத்தியம் வளர்ந்துகொண்டே போகும். தடிப்போ குறைவதில்லை, உடல் மெலிவதே கண்ட பயன். வளரும் சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இது நோயினும் பெருந்தீங்கு. ஓர் உணவை உண்ட சிறிது நேரத்தில், உண்ணும்பொழுதெல்லாம் தடிப்பு வந்தாலன்றி, அவ்வுணவைப் பழித்தல் தகாது.

இனி மருந்தைக் காண்போம். பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்த டேனியல் போவே என்பவர், 1937ஆம் ஆண்டில், ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் முதற்பொருளைக் கண்டார். அது மனிதர்க்குக் கொடுக்கத் தகாத நச்சுத்தன்மை உடையதாயிருந்தது. அவ்வழியே சென்றோர் 1942இல் மனிதர்க்கு ஏற்ற மருந்தைப் பெற்றனர். போவேக்கு 1957இல் நோபெல் பரிசு கிடைத்தது. பூட்டின் துளையில் வேறு சாவி ஒன்றைச் செருகி வைத்தால், உரிய சாவி நுழைய இயலாதன்றோ? அதுபோல, இம்மருந்து ஹிஸ்டமின் பற்ற வேண்டிய இடத்தை முன்னரே பற்றிக்கொள்ளும். ஆதலின் தடிப்பு எழுந்தபின் ஒன்றை விழுங்குவதினும், மருத்துவர் கூறிய அளவில் நாள்தோறும் உட்கொள்வதே பயன் தரும்.

இம்மருந்தை உண்டவர் தூங்கி வழிவதை யாவரும் கண்டிருப்பர். பலர் இதனை மருந்தின் ‘சூடு’ என்பர். உண்மை வேறு. தோலில் அரிப்பை உண்டாக்கும் அதே ஹிஸ்டமின், மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்யும் பணியைப் புரிகின்றது! பழைய மருந்துகளாகிய குளோர்பெனிரமின், அவில் முதலியன மூளைக்குள்ளும் எளிதிற் புகுந்து, அங்குள்ள பூட்டுகளையும் அடைத்துவிடுகின்றன. அரிப்பும் அடங்குகின்றது, விழிப்பும் அடங்குகின்றது. அவை உடலின் வேறு சில செய்திகளையும் தடுப்பதால், நா வறளும். முதியோர் சிலருக்குச் சிறுநீர் தடைப்படும். சிறு குழந்தைகளுள் சிலர் தூங்காமல் அமைதியிழந்து துள்ளுவதும் உண்டு.

மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த பகுதிகளில் கரும்பு மிகுதியாகப் பயிராகின்றது. வெட்டும் பருவத்தில் தொழிலாளர் விடியுமுன்பே கத்தியுடன் வயலில் இறங்குவர். இரவு அரிப்பிற்காக விழுங்கிய பழைய மாத்திரையின் மயக்கம் காலையிலும் முற்றும் நீங்குவதில்லை. கையிலோ கூரிய கத்தி. அருகிலோ அடுத்தவர் கால். கரும்பு ஏற்றிய டிராக்டரை ஓட்டுவோர்க்கும் இடர் இத்தகையதே. ‘எனக்குத் தூக்கம் வரவில்லையே’ என்று கூறுவதிலும் பொருளில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார், மாதிரி ஊர்தி ஒன்றில் 40 பேரை ஓட்டச் செய்து பார்த்தனர். மது அருந்தி ஓட்டியதினும், டைபென்ஹைட்ரமின் என்னும் பழைய மருந்தை உண்டு ஓட்டியது மோசமாயிருந்தது. தூக்கம் வருவதாக உணர்ந்த அளவைக்கொண்டு ஓட்டுந்திறன் குறைந்த அளவை அறியவும் இயலவில்லை. தேர்வுக்கு முன்னாள் சளிக்கென்று கடையில் தாமே மாத்திரை வாங்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சளி மருந்து பலவற்றிலும் இப்பொருள் கலந்துள்ளது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கூடிய சளிமருந்தை நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகட்குக் கொடுத்தலாகாது என்று 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட்டது.

மூளைக்குள் எளிதிற் புகாத மருந்துகளும் பின்னர் வந்தன. அவற்றுள் முன்னே வந்த டெர்பெனடின், சில மருந்துகளுடன் சேர்ந்தபொழுது இதயத் துடிப்பைக் குலைத்தது. ஆகவே 1990களின் இறுதியில் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. வியப்பு யாதெனில், டெர்பெனடினைக் கல்லீரல் பெக்ஸோபெனடின் என்னும் வேறு பொருளாக மாற்றுகின்றது; நோயைத் தணித்தது அம்மாற்றுப் பொருளே, இதயத்திற்குத் தீங்கு செய்யாததும் அதுவே. இன்று அதனையே மாத்திரையாக்கித் தருகின்றனர். அதனைப் பழச்சாற்றுடன் உட்கொண்டால் குடலில் சேர்வது குறையும். தண்ணீருடன் விழுங்குதல் வேண்டும். செட்டிரிசின் என்னும் மற்றொன்று பெரும்பாலோர்க்கு நன்மை செய்யினும், சிலர்க்குத் தூக்கத்தைத் தரும். அவர்கள் அதனை மருத்துவரிடம் கூறி வேறு மருந்து பெறலாம்.

எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திருக்கலாகாத நிலை ஒன்று உண்டு. தடிப்புடன் நாக்கோ தொண்டையோ வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறுதல், தலைசுற்றி விழுதல் ஆகியவை தோன்றினால் உயிருக்கே இடர். அப்பொழுது வேண்டுவது தொடைத் தசையில் இடும் அட்ரினலின் ஊசியே. 108 எண்ணைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுவோரைச் சாய்த்து அமர்த்தலாம். எழுந்து நடக்க விடலாகாது.

பெரும்பான்மையோர்க்குக் காணாக்கடி இவ்வளவு கொடியதன்று. சிலருக்குச் சில மாதங்களிலும், சிலருக்குச் சில ஆண்டுகளிலும் அது தானே அடங்கிவிடும். ஆதலின் மருத்துவர், தடிப்பு தோன்றாத நாட்கள் தொடர்ந்து வரக்கண்டால், மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பர்.