மறுப்புக் கடிதம் வந்தால் மடித்து வைக்காதீர்கள்!

பட்டாளத்தில் இருந்து வந்தவர்களின் வீட்டுச் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவர் பீரங்கிப் படையில் 17 வருடம் வேலை பார்த்தவர். 2015ல் ஓய்வு பெற்று வந்தபோது இரண்டு காதும் மந்தம். மருத்துவ வாரியம் 30 சதவீத ஊனம் என்று எழுதியது. ஆனால், 'பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை' என்று ஊன ஓய்வூதியத்தை மறுத்துக் கடிதம் வந்துவிட்டது. வழக்கமான பென்ஷன் வந்தது, வாஸ்தவம்தான். ஆனால் காது கேட்காதவருக்கு செக்யூரிட்டி வேலைகூட யார் தருவார்கள்? இரண்டு பிள்ளைகள் படிப்பு, மாமியாருக்கு மருந்து என்று விழி பிதுங்கியது.

"விட்டுடு. நாட்டுக்காகப் போனேன், கை நீட்டவா போனேன்?" என்றார் அவர். "இது பிச்சை இல்லீங்க, உங்க பாத்தியதை" என்று சொல்லி, பத்தாவது மட்டுமே படித்த நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மருத்துவ வாரியத்தின் அறிக்கை எங்களிடம் இல்லை. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, நகல் வாங்கினோம். படையில் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில், காதில் குறை என்று ஒரு வார்த்தை இல்லை! இதுதான் எங்களுக்குப் பிடிமானம். சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லையென்றால், பிறகு வந்த கோளாறு பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருந்தும் இரண்டு மேல்முறையீடும் தள்ளுபடி. 2017ல் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். வக்கீல் ஃபீசுக்கு என் வளையல் அடகுக்குப் போனது. 2019ல் எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2014ல் வந்த ராம் அவதார் வழக்குத் தீர்ப்பின்படி 30 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிட்டு, நிலுவையும் கொடுத்தார்கள். வளையலை மீட்டேன். பெண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன். இவருக்கு நல்ல காது மெஷின் வாங்கினோம்.

சகோதரிகளே, டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவ அறிக்கை, வந்த கடிதங்கள், தபால் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். எந்த மனுவையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நாளைக் கடத்தாதீர்கள். பல வருடம் கழித்து வழக்குப் போட்டால், பொதுவாக முந்தைய 3 வருட நிலுவைதான் கிடைக்கும். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துள்ளன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆம்பளைங்க ரோஷத்தில் 'வேண்டாம்' என்பார்கள். நாம்தான் விடாமல் நிற்க வேண்டும்.

- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்.