செலவில்லாத மருந்து... ஆனால், தனியாகச் சாப்பிட முடியாது!

வடசென்னை என்றாலே அரிவாளும் அடிதடியும்தான் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. வியாசர்பாடியை ஒட்டியிருக்கும் எம்.கே.பி. நகரில் ஒரு சாயங்கால நேரம் நடந்து பார்த்தால் காதில் விழுவது வேறு சத்தம். மகாகவி பாரதியின் பெயரைச் சுமக்கும் ஏரியா இது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள், கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் பையன்கள், வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும் தொழிலாளிகள் என எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் மற்றவரைக் கலாய்த்துக் கொண்டிருப்பார்.

"இன்னா யக்கா, ஆளு ஒண்ணு, குடம் ஆறு... லாரிக்காரரு உனக்குச் சொந்தமா?" என்று ஒரு குரல் வந்தால் போதும். மொத்த வரிசையும் சிரிக்கும். ஆறு குடக்காரரும் சேர்ந்தே சிரிப்பார்.

இந்தச் சிரிப்பு உடம்புக்குள் என்ன செய்கிறது?

வலி குறையும்!

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்கள், அதன் பிறகு கூடுதல் வலியைத் தாங்கினார்கள். சிரிக்கும்போது வயிறும் நெஞ்சும் விடாமல் குலுங்குவதால், மூளையில் 'எண்டார்ஃபின்' என்ற இயற்கை வலி நிவாரணி சுரக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மூட்டை தூக்கித் தோள் கடுத்தவருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து இடுப்பு விட்டுப்போனவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக இதயநோய் நிபுணர் மைக்கேல் மில்லர், 2005-ல் 20 பேருக்கு இரண்டு வகைப் படங்களைப் போட்டுக் காட்டினார். சிரிப்புப் படம் பார்த்தபோது ரத்த ஓட்டம் சராசரியாக 22 சதவிகிதம் கூடியது. மனதை அழுத்தும் போர்க் காட்சிகளைப் பார்த்தபோது 35 சதவிகிதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், மனதில் ஏறும் பாரம் ரத்தக் குழாய் வரைக்கும் இறங்குகிறது என்பதை அது காட்டியது.

கூட்டத்தில்தான் குணம்!

தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன். அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி ஜோக்குக்காக வருவதில்லை, சாதாரணப் பேச்சுக்கு நடுவில் வருவது என்றும் அவர் சொன்னார்.

மும்பை டாக்டர் மதன் கட்டாரியாவின் அனுபவமும் இதுதான். 1995 மார்ச்சில், ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு அவர் சிரிப்பு மன்றம் ஆரம்பித்தார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களிலேயே ஜோக் தீர்ந்துபோனது. அப்புறம் ஜோக்கே இல்லாமல், கூடி நின்று மூச்சுப் பயிற்சியோடு சிரிப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் சிரிப்பு யோகா.

மாத்திரைக்குப் பதில் இல்லை

'ஏழைகள் எப்போதும் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. தண்ணீருக்கு வரிசையில் நிற்பதும், வாடகைக்கு வட்டிக்குப் பணம் வாங்குவதும் மன அழுத்தம்தான். அந்தக் குறைகளைத் தீர்ப்பது சிரிப்பின் வேலை இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒருநாள்கூட விடக் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களும் சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் சிரிப்புப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

கலாய்ப்பதற்கும் எல்லை உண்டு. நிறத்தையும் உடம்பையும் வைத்து ஒருவரைக் குத்தினால், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். குத்தப்பட்டவருக்கு அது காயம். அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா என்று பார்த்தாலே எது வேடிக்கை, எது காயம் என்பது தெரிந்துவிடும்.

சிரிப்பு நின்றுபோனால்...

எப்போதும் கலகலவென்று இருந்தவர் திடீரென ஒதுங்கிப்போகிறாரா? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கிறாரா? 'திமிர்' என்று விட்டுவிட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.

சென்னையில் பழைய ஹவுசிங் போர்டு வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழும்புகின்றன. பல குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டன. நல்ல சுவரும் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். அதோடு, சாயங்காலம் பத்துப் பேர் உட்கார ஒரு திண்ணையும் ஒரு மர நிழலும் வேண்டும். அதுவும் சுகாதார வசதிதான்.

அதுவரை ஒன்று செய்யலாம். இன்று போனில் வந்த காமெடி வீடியோவை அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்யாமல், பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். 30 மடங்கு சிரிப்பு அங்கேதான் இருக்கிறது!