சார்ட்டில் அச்சை முறிப்பது எப்படி?

எக்ஸெல் தொகுப்பில் சார்ட் வரையக் கற்றுக் கொண்டவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சிக்கல் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக் கொள்ளுங்கள். லட்சத்தில் சொன்னால் செங்கல்பட்டு 0.63, அரக்கோணம் 0.78, காஞ்சிபுரம் 1.64, சென்னை (விரிவாக்கத்திற்கு முந்தைய எல்லை) 46.47. இவற்றிற்குக் காலம் சார்ட் போட்டால் சென்னை மட்டும் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் போல நிற்கும். மற்ற மூன்றும் தரையோடு தரையாகி விடும். காஞ்சிபுரம் அரக்கோணத்தைப் போல இரு மடங்கு என்பதே தெரியாது.

இதற்குத்தான் நடுவில் அச்சை முறிப்பார்கள். எக்ஸெல்லில் இதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு சார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் இதைச் செய்ய வேண்டும்.

முதலில் சார்ட்டை வரைந்து, தலைப்பையும் லெஜண்டையும் நீக்கிவிட்டு, ஒரு காப்பி எடுங்கள். கீழே இருக்க வேண்டிய சார்ட்டில் இடப்பக்க எண்களின் மீது டபுள் கிளிக் செய்தால் ஃபார்மட் ஆக்சிஸ் கிடைக்கும். மினிமம் 0, மேக்ஸிமம் 2, மேஜர் யூனிட் 0.5 என்று கொடுங்கள். சென்னையின் தூண் 2-ல் வெட்டுப்படும். மேல் சார்ட்டில் 45, 47, 0.5 என்று கொடுங்கள். இரண்டிலும் இடைவெளி 2 லட்சமாகவே இருப்பதைக் கவனியுங்கள். இது மாறினால் இரு பாதிகளின் அளவுகோலும் மாறி, படம் பொய் சொல்லத் தொடங்கும்.

மேல் சார்ட்டில் ஊர்ப்பெயர்களை நீக்கியதும் வரைபகுதி சற்றுப் பெரிதாகும். அதன் உயரத்தையும் அகலத்தையும் கீழே உள்ளதோடு சரிசெய்யுங்கள். ஆல்ட் கீயை அழுத்தியபடி இழுத்தால் சார்ட் செல்களின் கோட்டில் ஒட்டிக் கொள்ளும். பிறகு இன்செர்ட், ஷேப்ஸ் சென்று, முறிந்த இடத்தில் இரண்டு சிறிய சாய்கோடுகள் போடுங்கள். பலர் அச்சில் மட்டும் போட்டுவிட்டு விடுகிறார்கள். பார்ப்பவர் கண் தூணில்தான் இருக்கும், அங்கும் போடுங்கள். கோர்வைப் பட்டில் உடலும் கரையும் சேருமிடம் பிசிறில்லாமல் இருப்பதுதான் நெசவாளருக்கு அழகு. இங்கே இணைப்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

காரணம் இருக்கிறது. இந்தப் படத்தில் சென்னையின் தூண் காஞ்சிபுரத்தைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிக உயரமாகவே தெரியும். உண்மையில் 28 மடங்கு! எனவே அந்தத் தூணின் மீது ரைட் கிளிக் செய்து, டேட்டா லேபிள் மூலம் 46.47 என்ற எண்ணைக் காட்டிவிடுங்கள். சிறிய ஊர்களைத் தங்களுக்குள் ஒப்பிடத்தான் இந்த முறை. சென்னையையும் காஞ்சிபுரத்தையும் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் அச்சை முறிக்கவே கூடாது.

அடிக்கடி இந்த வேலை இருப்பவர்கள் இலவசமாகக் கிடைக்கும் க்னுபிளாட்டைப் பார்க்கலாம். 2017-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, செட் நான்லீனியர் கட்டளையால் ஒரே படத்தில் அச்சை முறிக்க முடியும். ஆனால் அதில் மௌஸ் அதிகம் உதவாது, கட்டளைகளை டைப் செய்தாக வேண்டும்.