ஈயத்தை விரட்டிய மெல்லிய பூச்சு

வீதியிற் செல்லும் காரின் புகைக்குழாயை நாம் நாளும் காண்கிறோம். அதன் வழியில் நிகழும் இரசாயன விந்தையையோ நம்மிற் பலர் அறியோம். எஞ்சினில் எரியாது எஞ்சிய ஐதரோகாபன்கள், தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டியின் துவாரங்களூடே செல்கின்றன. அத்துவாரங்களின் சுவர்களிற் பிளாற்றினம், பலேடியம் முதலிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டுள்ளன. சூடேறிய அவ்வுலோகத்தின்மேற் படியும் மூலக்கூறுகளின் பிணைப்புகள் தளர்கின்றன. ஒட்சிசனுடன் கூடி, அவை காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன. உலோகமோ இத்தாக்கத்திற் செலவாவதில்லை. ஆதலின் அதனை ஊக்கி என்பர்.

இவ்வூக்கிக்கும் ஒரு பகையுண்டு. அதுதான் ஈயம். எஞ்சின் 'தட்டுவதைத்' தடுக்க, அமெரிக்காவில் 1923 முதல் பெற்றோலில் ஈயச் சேர்வை கலக்கப்பட்டு வந்தது. ஈயம் உலோகத்தை மூடிவிட்டால் வாயுக்கள் படிவதற்கு இடமேது? எனவே, 1975 ஆம் ஆண்டின் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் இவ்வூக்கி பொருத்தப்பட்டபோது ஈயமற்ற பெற்றோலும் இன்றியமையாததாயிற்று.

அதன் பயன் காரோடு நின்றுவிடவில்லை. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வது. பெற்றோலில் ஈயங் குறையக் குறைய, அவர்தம் இரத்தத்திலும் அது குறைந்தது. 2021 இல் அல்ஜீரியாவும் கைவிட்டதோடு, ஈயங் கலந்த பெற்றோல் உலகெங்கும் கார்களை விட்டு அகன்றது.

குழந்தைகளுக்காக நாம் முன்னரே செய்திருக்க வேண்டியதை, முதலில் ஒரு கருவிக்காகவே செய்தோம் என்பதை மறவாதிருப்போமாக.