புற்றுமண்ணும் பிறவிக் காப்பும்

உயிருள்ள ஒவ்வோர் உடலும் தனக்குரியதையும் அயலானதையும் பிரித்தறிந்து, அயலானது கேடு சூழுமாயின் அதனைத் தடுத்தும் அழித்தும் தன் நிலைபேற்றைக் காத்துக்கொள்ளும் திறத்தை நோய்க்காப்பு என்கிறோம். அது இருவகைப்படும். பிறக்கும்போதே உடலோடு அமைந்து, முன்பின் கண்டறியாத நுண்ணுயிர் புகுந்தாலும் சில மணி நேரத்துக்குள் தொழிற்படுவது பிறவிக் காப்பு. நுண்ணுயிரோடு நேர்ந்த பழக்கத்தால் வளர்ந்து, முதன்முறை உருப்பெற ஒரு கிழமையோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, கற்றதை ஆண்டுக்கணக்கில் நினைவிற் கொள்வது பட்டறிவுக் காப்பு. எதிர்ப்பியங்களைச் சுரந்து பொருதும் பின்னதைத் தடுப்பூசியின் வாயிலாகப் பலரும் அறிவர். முன்னதோ, பின்னது விழித்தெழும் வரை உடலைத் தனியே தாங்குவதும், விழித்தெழுமாறு பின்னதை ஏவுவதுமாகிய இருபெருங் கடமைகளை ஆற்றியும், பலர் கருத்திற் படாமலே இருக்கிறது.

இப்பொருளை எண்ணிப் பார்க்கச் சங்கரன்கோவிலைவிடத் தக்க ஊர் தென்தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் துணிபு. தென்காசி மாவட்டத்தின் இவ்வூரில், சங்கரனும் நாரணனும் ஓருருவாய் நிற்கும் கோயிலில், கோமதியம்மனை வழிபட வருவோர்க்குப் புற்றுமண் அருட்பொருளாகக் கிடைக்கிறது. அடியார் அதனை நெற்றியில் அணிவர். தோல்நோய் உற்ற இடத்திற் பூசுவர். பாம்பும் தேளும் தீண்டாதிருக்க வேண்டி அவற்றின் உருவங்களை மாழைத்தகட்டிற் செய்து செலுத்துவர். ஆடித்தபசுத் திருவிழாவின்போது இம்மண்ணைப் பெற்றுச் செல்லும் கைகள் எண்ணிறந்தவை. அந்நம்பிக்கையை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. புற்று என்பது கரையான் எழுப்பும் மண்மனை. பாம்பு அதிற் பின்னர்க் குடியேறுவது. எதிர்ப்பியங்களைச் சுரக்கும் பட்டறிவுக் காப்பு தாடையுடைய முதுகெலும்பிகளுக்கு மட்டுமே உரியதாதலின், கரையானுக்கு அது கிடையாது. இருளும் ஈரமும் நிறைந்து, பூஞ்சை தழைக்க ஏற்றதான ஒரு மனையில், ஒரே தாய்வழி வந்த பேரெண்ணிக்கையினர் நெருங்கி வாழும் அச்சிற்றுயிர், பிறவிக் காப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு நிலைத்து நிற்கிறது. ஆதலின், அக்காப்பின் ஆற்றலுக்குப் புற்றைவிடச் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை.

இனி, அறிதலின் அடிப்படையைக் காண்போம். நுண்ணுயிர்களின் வகைக்கு எல்லையில்லை. அவை விரைந்து பெருகுவன, விரைந்து மாறுவன. மாந்தரிடம் புரதம் ஆக்கும் மரபன்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே உள்ளன. ஒவ்வொரு பகைவனுக்கும் அவனை அறிந்து பற்றும் ஓர் ஏற்பியை மரபிலேயே எழுதி வைக்க இடம் போதாது. இந்த முட்டுப்பாட்டுக்கு 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சார்லசு சேன்வே ஒரு விடையை முன்வைத்தார். பிறவிக் காப்பு பகைவரைத் தனித்தனியே அறிவதில்லை. ஒரு பெருங்கூட்டத்துக்கே பொதுவாயுள்ள அமைப்பை அறிகிறது என்பதே அவ்விடை. சங்கரன்கோவில் நெசவாளர் ஒரு துணியைக் கையில் எடுத்தால், சாயம் எதுவாயினும், ஊடும் பாவும் கண்டு நெய்த முறையைச் சொல்லிவிடுவர். நுண்ணுயிரும் தன் மேற்பரப்பின் சாயத்தை மாற்றலாம். ஊடும் பாவுமாகிய கட்டுமானத்தை மாற்றினால் அதுவே சிதையும்.

அவ்வாறு அறியப்படும் அமைப்பை நுண்ணுயிர்ப் பொதுவடையாளம் என்போம். அதற்கு மூன்று பண்புகள் வேண்டும். அது ஒரு பேரினம் முழுவதற்கும் பொதுவாதல் வேண்டும். நுண்ணுயிரின் வாழ்வுக்கு இன்றியமையாததாதல் வேண்டும். காக்கப்படும் உடலில் இல்லாததாகவோ, இருப்பினும் இருக்கத்தகாத இடத்திற் காணப்படுவதாகவோ இருத்தல் வேண்டும். பாக்டீரியா என வழங்கும் கோலுயிரிகளுள் ஒரு பெரும்பிரிவின் புறப்படலத்தில், கொழுப்பும் இனியத் தொடரும் பிணைந்த கொழுப்பினியம் என்னும் பொருள் உள்ளது. நீந்துவனவற்றின் கசையிழையில் கசையியம் என்னும் புரதம் உள்ளது. பூஞ்சையின் சுவரில் பீட்டா குளுக்கன் உள்ளது. வைரசு எனப்படும் தீநுண்மிகள் பல, பெருகும்போது இரட்டையிழை ஆர்.என்.ஏ.வைத் தோற்றுவிக்கின்றன. நலமுள்ள உயிர்மியின், அதாவது செல்லின், நடுக்கூழில் இவ்விரட்டையிழை நீண்ட வடிவில் காணப்படுவதில்லை. ஆகவே அதனைக் கண்டதும் உயிர்மி ஐயுறுகிறது.

இவ்வடையாளங்களைப் பற்றும் புரதங்கள் அடையாள ஏற்பிகள். அவற்றுள் தலையாயவை டோல் வகை ஏற்பிகள். மாந்தரிடம் இவை 10 உள்ளன. இவை அமைந்துள்ள இடங்களைக் கண்டால் இயற்கையின் ஒழுங்கு விளங்கும். புறத்தே வாழும் கோலுயிரியின் புறக்கூறுகளை அறியும் ஏற்பிகள் உயிர்மியின் மேற்பரப்பில் நிற்கின்றன: நான்காம் ஏற்பி கொழுப்பினியத்துக்கும், ஐந்தாம் ஏற்பி கசையியத்துக்கும் உரியன. ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. ஆகிய மரபிழைகளை அறியும் மூன்று, ஏழு, எட்டு, ஒன்பதாம் ஏற்பிகளோ, விழுங்கப்பட்டவை சிதைக்கப்படும் உட்பைகளிலேயே வைக்கப்பட்டுள்ளன. நம் உடலிலும் மரபிழை உண்டாதலின், அவ்வேற்பிகள் வெளியே நின்றிருந்தால் நம்மையே பகையென மயங்கும். அறிகருவியை எங்கே வைப்பது என்பதும் அறிவின் ஒரு பகுதி என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

இவ்வறிவு ஒரே நாளில் எய்தப்பட்டதன்று. 1882ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெசினாவில், எலி மெச்சினிகாஃப் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நாள்மீன் இளவுயிரியின் உடலில் முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் நகரும் உயிர்மிகள் அம்முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். விழுங்குயிர்மிகளைப் பற்றிய கொள்கை அங்கே பிறந்தது; 1908இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். எனினும், விழுங்குவது எதனை என்று அவ்வுயிர்மிகள் எவ்வாறு அறிகின்றன என்னும் வினா நெடுநாள் விடையின்றி நின்றது. விடை வந்தது ஈயிலிருந்து. பழ ஈயின் கருவில் முதுகும் வயிறும் பிரிவதை ஆளும் மரபனுக்குச் செருமானிய அறிஞர் கிறித்தியானே நியூசுலைன் வோலார்டு குழுவினர் டோல் எனப் பெயரிட்டிருந்தனர். கருவை வகுக்கும் அதே மரபன், வளர்ந்த ஈயைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்று 1996இல் பிரான்சு நாட்டில் சூல் ஓஃப்மன் குழுவினர் மெய்ப்பித்தனர். டோல் குறையுற்ற ஈக்கள் பூஞ்சைக்கு இரையாயின. மறு ஆண்டில் உருசுலான் மெட்சித்தோவும் சேன்வேயும் மாந்தரிடமும் அதற்கிணையான ஏற்பி உண்டெனக் காட்டினர். 1998இல் புரூசு பாய்ட்லர், கொழுப்பினியத்துக்கு மறுமொழி தாராத ஒருவகைச் சுண்டெலியை ஆராய்ந்து, பழுதுற்றிருப்பது நான்காம் டோல் வகை ஏற்பியே என்று கண்டார். ஓஃப்மனும் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஒரு வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் வேண்டும். மாந்தரின் ஏற்பிகள் நுண்ணுயிரின் அடையாளத்தைத் தாமே பற்றுகின்றன. ஈயின் டோலோ நுண்ணுயிரைத் தொடுவதில்லை. உடல்நீரில் மிதக்கும் அறிபுரதம் ஒன்று பூஞ்சைச்சுவரைப் பற்றி, அடுத்தடுத்த நொதிகளைத் தூண்ட, இறுதியில் உருவாகும் செய்திப்புரதமே டோலை எழுப்புகிறது. அவ்வறிபுரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததொரு புரதம் கரையானிடமும் உண்டு. 2009ஆம் ஆண்டில் மார்க் புல்மர், இராம் சசிசேகரன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அப்புரதம் கரையானின் உடலில் மட்டுமன்றி, அது கட்டும் கூட்டின் சுவரிலும் கலந்திருப்பதைக் காட்டியது. அப்புரதம் பூஞ்சைச்சுவரின் குளுக்கனைப் பற்றுவதோடு நில்லாமல் அதனை வெட்டவும் செய்கிறது. அறிதலும் அழித்தலும் ஒரே புரதத்தில் ஒன்றின. உடலின் காப்பு உடலைக் கடந்து மனையின் சுவரிலும் ஏறியது. கரையான்கள் ஒன்றையொன்று நக்கிப் பூஞ்சை வித்துகளை அகற்றுவதையும் இதனோடு சேர்த்துக் கண்டால், ஒரு கூடு முழுவதும் ஓருடலாய் நின்று காத்துக்கொள்கிறது எனலாம். ஆயின், அவ்வாய்வுக்குட்பட்டது அமெரிக்க வெப்பநிலத்து இனம். நம் நிலத்துப் புற்றுகளை எழுப்பும் ஒடோன்டோடெர்மெசு வேறு கிளையினது. அவ்வாய்வைக் கொண்டு புற்றுமண்ணை மருந்தென நிறுவ முயல்வது அறிவியலாகாது.

அறிந்தபின் உடல் ஆற்றுவது என்ன? தோல் முதலரண், கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் கோலுயிரியின் சுவரை அரிக்கும். இவற்றைக் கடந்து ஒரு கருவேலமுள் உட்புகுந்ததாகக் கொள்வோம். முள்ளோடு புகுந்த கோலுயிரிகளை அங்கேயே உறையும் பெருவிழுங்கிகள் பற்றி, தூதியங்கள் எனத்தக்க சிறுபுரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றின் ஏவலால் குருதிக்குழல் விரிகிறது, அதன் சுவர் நெகிழ்கிறது, நடுநிலை வெள்ளுயிர்மிகள் வெளியேறி அவ்விடம் நோக்கி ஊர்கின்றன. எலும்பு மச்சை இவற்றை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி என்னும் அளவில் ஆக்குகிறது. செம்மை, வெம்மை, வீக்கம், நோவு என்று உரோம அறிஞர் செல்சுசு வகுத்த அழற்சியின் நான்கு குறிகளும் இச்செயலின் புறத்தோற்றங்களே. குருதியில் உறங்கும் துணைப்புரதத் தொகுதியும் விழித்து, கோலுயிரியின் மேற்படிந்து விழுங்குவதை எளிதாக்கும். சிலவற்றின் படலத்தைத் துளைத்தும் கொல்லும். தீநுண்மி புகுந்த உயிர்மியோ, 1957இல் கண்டறியப்பட்ட இன்டர்பெரானைச் சுரந்து அண்டையிலுள்ள உயிர்மிகளை எச்சரிக்கும். வேறு வழியில்லாத இடத்தில், பகை புகுந்த உயிர்மி தன் படலத்தைத் தானே துளைத்து மாய்ந்து, உள்ளே பெருகும் நுண்ணுயிரின் இருப்பிடத்தை அழிக்கும். அத்துளையை இடும் புரதத்தை 2015இல் இனங்கண்டோருள் இந்திய வழியினரான விசுவா தீக்சித்தின் குழுவும் ஒன்று.

இக்காப்பின் கூர்மைக்கு ஓர் அளவு சொல்லலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொழுப்பினியம் குருதியிற் கலந்தாலே நலமுள்ள ஒருவர்க்குக் காய்ச்சல் எழும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணைக் கூர்மை கட்டுமீறினால் அழற்சி உடலெங்கும் பரவி உறுப்புகள் செயலிழக்கும். குருதி நச்சேற்றத்தில் உயிரைக் கொள்வது பலவேளை நுண்ணுயிரன்று, அதற்கு உடல் தரும் அளவிறந்த மறுமொழியே.

இக்காப்பு அறியாததும் ஒன்றுண்டு. டெட்டனசு எனும் இசிவுநோயை விளைக்கும் கோலுயிரியின் உறங்குவித்துகள் எவ்வூர் மண்ணிலும் இருக்கக்கூடும். காற்றுப் புகாத ஆழப்புண்ணில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். அந்நஞ்சு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் இருந்தாலே மாந்தரைக் கொல்லும் என்பது மதிப்பீடு. கொழுப்பினியத்தை எந்த அளவில் உடல் உணர்கிறதோ, ஏறத்தாழ அதே அளவில் இந்நஞ்சு ஓசையின்றிக் கொல்கிறது. அது பொதுவடையாளம் அன்மையின் பிறவிக் காப்பு அதனை உணர்வதில்லை. பட்டறிவுக் காப்பைத் தூண்டவும் அச்சிற்றளவு போதாது. பட்டறிவுக் காப்பைத் தூண்டவும் அச்சிற்றளவு போதாது. இக்குறையைத் தடுப்பூசி நிறைவு செய்கிறது. நஞ்சு நீக்கிய புரதத்தோடு அலுமினிய உப்பைச் சேர்த்து இடும்போது, அவ்வுப்பு பிறவிக் காப்பைக் கிளர்த்த, அது பட்டறிவுக் காப்பை ஏவுகிறது. தொண்டையடைப்பான் தடுப்பூசியில் படிகாரத்தைச் சேர்த்து இவ்வழியை 1926இல் திறந்தவர் அலெக்சாண்டர் கிளென்னி.

ஆகவே, புற்றுமண் பெற்றுச் செல்லும் அன்பர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பிளவுபடாத தோலில் அணிவதோடு நிறுத்துக. திறந்த புண்ணிலும், சேயின் கொப்பூழிலும் எம்மண்ணையும் இடாதீர். மண்பட்ட புண்ணைத் தூய நீரும் சோப்பும் கொண்டு கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று டெட்டனசு தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு 10, 16 அகவைகளிலும், கருவுற்ற மகளிர்க்கும் அத்தடுப்பூசி அரசால் விலையின்றியே இடப்படுகிறது.