பூட்டிய ஏடுகளும் திறவுகோலும்

எழுத்தென்பது எழுதுவார்க்கும் படிப்பார்க்கும் இடையே உள்ளதோர் உடன்பாடு. இவ்வடிவம் இவ்வொலியைக் குறிக்குமென இருவரும் ஒப்பினாலன்றி ஏடு ஏடாகாது, வெறுங்கீறலேயாம். கணினிக் கோப்பிற்கும் இதுவே நியதி. கணினி எண்ணையே அறியும். எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்கும், தலைப்பு எது, பத்தி எது என்னும் ஒழுங்கே கோப்பு வடிவம் எனப்படும். ஆக்கியோர் அவ்வொழுங்கை வெளியிடாது மறைப்பின், அது தனியுரிமை வடிவமாம்.

இதனால் விளையும் இடரைத் தமிழர் நன்கறிவர். 1991-இலேயே யூனிக்கோடு தமிழுக்கு இடமளித்தது. எனினும், அது பரவுமுன் எழுத்துரு செய்தோர் தத்தமக்கு வேண்டிய எண்களில் தமிழெழுத்துக்களை அமைத்தனர். பாமினி எழுத்துருவோ ஆங்கில எழுத்துக்குரிய எண்களையே கைக்கொண்டது. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் பொதுக்குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிக்கோடை ஏற்றது. ஆயின் பழங்கோப்புக்கள் பழையனவாகவே கிடக்கின்றன. எம்மூராகிய ஸ்ரீமுஷ்ணத்தில் முதியவர் ஒருவர், பூவராகப் பெருமாள் மாசிமகத்திற்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் செய்திகளைத் தொகுத்துத் தட்டெழுதி வைத்தார். இன்று அக்கோப்பைத் திறப்பின், பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன.

அதனை மீட்பது எங்ஙனம்? அச்சுப்படி ஒன்றிருப்பின், அதனையும் கோப்பிலுள்ள எண்களையும் ஒப்புநோக்கி, மறைந்த ஒழுங்கைக் கண்டறியலாம். 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப், சாஞ்சிக் கல்வெட்டுக்களின் இறுதியில் மீண்டும் மீண்டும் வந்த எழுத்துக்களைத் 'தானம்' என்னும் சொல்லென உய்த்துணர்ந்து பிராமியைப் படித்தனர். இதுவும் அத்தகைய முயற்சியே.

இது களவாகுமோ எனின், ஆகாது. நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 52-ஆம் பிரிவில் இதற்கு இடந்தருகிறது. மென்பொருளை முறையாகப் பெற்றவர், தனித்து ஆக்கிய வேறொரு மென்பொருள் அதனோடு இயைந்து இயங்குதற்கு இன்றியமையாத செய்தியை அறியலாம். அச்செய்தி வேறுவழியில் எளிதிற் கிட்டாததாதல் வேண்டும். 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றமும், கோப்பு வடிவம் என்ற அளவில் அது மென்பொருட் பதிப்புரிமைக்கு உட்படாதென்றது. ஆயின் பிறர் மென்பொருளைப் படியெடுத்து விற்றல் குற்றமே. பதிப்புரிமையை மீறும் கருத்துடன் காப்புப் பூட்டை உடைப்பார்க்கு, 2012-இற் சேர்ந்த 65ஏ பிரிவு ஈராண்டு வரை சிறை விதிக்கும்.

இன்னும் ஓர் ஐயம் உண்டு. உரிம ஒப்பந்தமே இவ்வாராய்ச்சியைத் தடுப்பின் என்செய்வது? இயைந்தியங்கும் பொருட்டு ஆராய்வதைத் தடுக்கும் ஒப்பந்த விதி செல்லாதென ஐரோப்பிய நெறி 1991-இலேயே தெளிவாக உரைத்தது. நமது சட்டத்தில் அவ்வாறு வெளிப்பட உரைக்கும் வாசகம் இல்லை. இக்குறை தீர்தல் நலம்.

ஓலையைச் செல்லரிக்குமுன் படியெடுத்த முன்னோர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். நம் காலத்து ஏடுகளைச் செல்லரிப்பதில்லை, மறைவே அரிக்கிறது. ஆதலின் மாணவர்காள், எழுதுவனவற்றை யாவரும் அறிந்த பொதுவடிவத்திற் காப்போமாக. முன்னோர் விட்டுச்சென்ற பூட்டிய ஏடுகளைச் சட்டம் தரும் திறவுகோலால் திறப்போமாக.