ராக்கெட் எஞ்சினை ஏன் அச்சடிக்கிறார்கள்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணி போனால் சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்கா வரும். அக்னிகுல் நிறுவனம் 2022-இல் அங்கே திறந்த ஆலையில் ராக்கெட் எஞ்சின்களை முப்பரிமாண முறையில் அச்சடிக்கிறார்கள்.

ஏன் அச்சு? எஞ்சினுக்குள் எரியும் சுடர் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிக்கல் கலப்புலோகச் சுவரோ 1,400-க்குள் உருகிவிடும். காப்பாற்றுவது எரிபொருளேதான்! எரியும் முன், சுவருக்குள் இருக்கும் நுண்குழல்களில் ஓடிச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பழைய முறையில் பல பாகங்களைத் தனித்தனியே செய்து பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். செலவு எகிறுவது இங்கேதான்.

அச்சில், லேசர் உலோகத் தூளை மயிரிழைக் கனத்தில் உருக்கி அடுக்கடுக்காக எழுப்புகிறது. குழல் என்பது தூளை உருக்காமல் விட்ட இடம், அவ்வளவுதான். (அந்தத் தூளைப் பிறகு வெளியேற்றுவது தனிப் பாடு.) சில நாட்களில் எஞ்சின் ஒரே துண்டாகத் தயார்.

2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், நிறுவனத்தின் சொந்த ஏவுதளத்திலிருந்து அக்னிபாண் ராக்கெட் இத்தகைய எஞ்சினோடு பறந்தது. ஆனால் அது சோதனைப் பாய்ச்சல், சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. அச்சு முறை உண்மையிலேயே மலிவா என்பதை, செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட பிறகு வாடிக்கையாளர் கைக்கு வரும் பில்தான் சொல்ல வேண்டும்.